சவரம் முடிந்தது, பிளேடு எங்கே?

போன தை மாதம் அடுக்கத்துக்குப் போயிருந்தேன். கொடைக்கானல் மலையில், பெருமாள்மலையிலிருந்து கும்பக்கரைக்கு இறங்குகிற பாதையில் இருக்கிறதே, அந்த அடுக்கம்தான். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டது என்று பேப்பரில் வருமே, அதே ஊர். என் பெரிய மைத்துனருக்கு அங்கே கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது.

காலையில் நல்ல குளிர். வாசலில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டேன். கையில் இருந்தது, பெட்டிக் கடைகளில் சரம் சரமாகத் தொங்குமே, அந்த மஞ்சள் பிளாஸ்டிக் ரேசர். ஏற்கனவே ஏழெட்டுத் தடவை ஓடிய சரக்கு. இழுத்த இழுப்பில் தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். வந்த கோபத்தில் அதைத் தூக்கி எதிரே சரிவில் வீசிவிட்டேன்.

மைத்துனர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். புதருக்குள் இறங்கினார். கால் மணி நேரம் தேடி, எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன மாப்ளே, இப்படிப் பண்ணிட்டீங்க! இங்கே வீசினா மழைக்கு ஓடையில இறங்கும். ஓடை கீழே ஆத்துக்குப் போகும். கும்பக்கரையில குளிக்கிறது யாரு? நம்ம பிள்ளைகதானே?"

ரேசரைப் பழைய பேப்பரில் சுருட்டி என் பையிலேயே வைத்தார். "கொண்டு வந்ததை நீங்களே கொண்டு போயிருங்க" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாதிச் சவரம் செய்த முகம் வேறு!

அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. கொடைக்கானல் பக்கமிருந்து இறங்கும் பாம்பாறுதான் பெரியகுளம் அருகே கும்பக்கரை அருவியாக விழுகிறது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு விவகாரம் 2001-ல் வெடித்து ஆலை மூடப்பட்டதே, அந்தக் கழிவு கிடந்ததும் பாம்பாற்றுச் சோலைப் பக்கச் சரிவில்தான். பாதரசத்தோடு ரேசரை ஒப்பிட வேண்டாம். ஆனால் தண்ணீர் இறங்குகிற வழி ஒன்றுதான்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. 2024-ல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. தண்ணீர் பாட்டிலுக்கும் கட்டுப்பாடு வந்தது. எல்லாம் சரி. ரேசரை மட்டும் யாரும் கேட்பதில்லை. சில விடுதிகளில் சோப்போடு சேர்த்து அவர்களே ஒன்று தருகிறார்கள். ஒரு நாள் சவரம், மறுநாள் குப்பை!

ஒன்றா, ஐந்தா?

மைத்துனர் வைத்திருப்பது அவருடைய அப்பா காலத்துப் பித்தளை செட். மேல்பூச்சு உரிந்து மஞ்சளாகத் தெரிகிறது. மூன்றே உறுப்பு: மேல் மூடி, கீழ்த் தட்டு, கைப்பிடி. நடுவில் ஒரு பிளேடு. முறுக்கினால் முடிந்தது. அதை என்னிடம் கொடுத்து, புது பிளேடு ஒன்றும் போட்டு, "இதுல மிச்சத்தை முடிங்க" என்றார். ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது.

இந்த மாதிரி செட்டுக்கு அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் 1904-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்தின வருடம் அவர் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அவ்வளவுதான்! அதுவரை மடக்குக் கத்திதான். தோல்வாரில் தீட்டத் தெரிந்தவன் தானே செய்துகொள்வான். தெரியாதவன் முடிதிருத்துபவர் வருகிற நாளைப் பார்த்துக் காத்திருப்பான். மனிதன் தன் முகத்தைத் தானே நிம்மதியாகச் சவரம் செய்துகொண்டது இந்த மெல்லிய தகட்டால்தான்.

அப்புறம் வியாபாரம் விடுமா? 1971-ல் இரண்டு பிளேடு வந்தது. 1998-ல் மூன்று. 2006-ல் ஐந்து. விளம்பரத்தில் பார்த்தால் ஐந்தும் சேர்ந்து முகத்தைப் பளிங்காக்கும். சுருட்டை முடிக்காரர்களைக் கேளுங்கள், வேறு கதை சொல்வார்கள். முதல் பிளேடு முடியை இழுக்க, பின்னால் வருகிறது தோலுக்கு அடியில் வெட்ட, முளைக்கிற முடி வெளியே வராமல் உள்ளேயே வளைந்து கொப்புளம் கிளப்புகிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தோல் டாக்டர்களே ஒன்று, இரண்டு பிளேடோடு நிறுத்தச் சொல்கிறார்கள்.

காசுக் கணக்கும் பார்த்துவிடலாம். ஒரு பிளேடு ஐந்து ரூபாய், ஐந்து சவரம் என்று வைத்துக்கொள்வோம். சவரத்துக்கு ஒரு ரூபாய். மூன்று, ஐந்து பிளேடு தலை ஒன்று நூற்றைம்பது ரூபாய், பதினைந்து சவரம் என்றால் சவரத்துக்குப் பத்து ரூபாய். மாதக் கடைசியில் குமாஸ்தாவுக்கு இந்த ஒன்பது ரூபாய் வித்தியாசம் தெரியும். அதோடு, அந்தத் தலை அந்தக் கம்பெனிக் கைப்பிடியில்தான் உட்காரும். பழைய செட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எந்தக் கம்பெனி பிளேடும் எந்தச் செட்டிலும் உட்காரும்.

கை நடுங்குகிற பெரியவர்கள் தலை மாற்றுகிற ரேசரையே வைத்துக்கொள்ளட்டும். அதில் வெட்டுப்படுவது குறைவு. மற்றவர்கள் ஒரு செட் வாங்கலாம். வாங்கும்போது மூன்று உறுப்பு செட்டாகப் பாருங்கள். அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவாகத் திறக்குமே, அது பார்க்க ஜோர், ஆனால் இடுக்கில் சோப்பு அடையும். விளிம்பு சீப்புப் பல் மாதிரி இருந்தால் அது அடர்ந்த தாடிக்கு. தினசரி சவரத்துக்கு நேர் விளிம்பு போதும். பிளேடை மாட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

செட் நன்றாக இருந்து கை சரியில்லை என்றாலும் ரத்தம்தான். முதலில் வெந்நீர். குளித்த பிறகு சவரம் என்பது இன்னும் விசேஷம். முடி தண்ணீர் குடித்து மெத்தென்று ஆக இரண்டு மூன்று நிமிஷமாவது வேண்டும். பிரஷ்ஷால் நுரையைச் சுழற்றிச் சுழற்றிப் போடுங்கள். செட்டைக் கைப்பிடியின் நுனியில் பிடித்து, ஏறக்குறைய முப்பது டிகிரி சாய்வில், முடி போகிற போக்கிலேயே இழுங்கள். அழுத்தவே கூடாது, செட்டின் கனமே போதும். பிளாஸ்டிக் ரேசரில் அழுத்திப் பழகியவர்கள் முதல் வாரம் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். வழவழப்பு போதாதென்றால் மறுபடி நுரை போட்டு இன்னொரு சுற்று. கடைசியில் பச்சைத் தண்ணீர், படிகாரம்.

பிளேடை எத்தனை நாள் ஓட்டலாம்? அந்தக் காலத்தில் கண்ணாடி டம்ளருக்குள் தேய்த்துத் தேய்த்து ஓட்டிய மகான்கள் உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் இதை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். முடி, பிளேடு எஃகைவிட 50 மடங்கு மிருது. ஆனாலும் வளைகிற முடி பட்டே கூர்முனை சில்லுச் சில்லாகப் பெயர்கிறதாம்! ஆகவே முகத்தில் இழுக்க ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

அப்புறம் அது எங்கே போகிறது?

மாற்றிய பிளேடை நாம் என்ன செய்கிறோம்? நகம் வெட்ட, தையல் பிரிக்க, பிள்ளைக்குப் பென்சில் சீவ. பிறகு ஜன்னல் மேலே ஒரு செருகல். ஒரு நாள் அதுவும் குப்பையில்.

அமெரிக்காக்காரன் ஒரு காலத்தில் குளியலறை அலமாரியில் சின்னப் பிளவு வைத்திருந்தான். பழைய பிளேடைப் போட்டால் சுவருக்குள்ளேயே விழுந்துவிடும். இப்போது பழைய வீட்டை இடித்தால் சுவருக்குள்ளிருந்து பிளேடாகக் கொட்டுகிறது. நாம் காம்பவுண்டுக்கு வெளியே வீசுகிறோம்.

அடுக்கத்திலிருந்து மதுரை திரும்பிய அடுத்த வாரம். எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் அம்மாவின் விரலில் துணிக்கட்டு. என்னம்மா என்று கேட்டேன். "பிளேடு கிழிச்சிருச்சு சார். பையைத் தூக்கும்போது உள்ளே இருந்திருக்கு. எந்த வீடுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்கும் தெரியாது. அந்தத் தெருவில் சவரம் செய்கிறவர்களில் நானும் ஒருவன்.

ஒரு பிளேடின் எடை ஒரு கிராம்கூட இல்லை. கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வருடத்துக்கு ஐம்பது பிளேடு என்றாலும் அடுக்கினால் அரை சென்டிமீட்டர். ஒரு பழைய டின்னை எடுத்து, மூடியில் உண்டியல் மாதிரி ஒரு கீறல் போட்டு வைத்தால் ஒரு வீட்டுக்குப் பல வருடம் காணும். மைத்துனர் வீட்டில் அப்படித்தான் ஒரு டின் இருக்கிறது. இப்போது என் வீட்டிலும். பிளாஸ்டிக் ரேசருக்கு இந்த வழி இல்லை. இரும்பும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டு இருப்பதைப் பழைய இரும்புக்காரரும் தொடமாட்டார்.

வீட்டுக் கணக்கு சரி. சலூன் கணக்கு பெரிது. 1986-ல் சென்னையில் எய்ட்ஸ் கிருமி முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பரவிய பயத்தில், ஆளுக்கொரு புது பிளேடு என்பது சலூன்களில் வழக்கமானது. நல்ல வழக்கம். ஒரு பிளேடை ஒடித்து ஆளுக்குப் பாதி. நாளைக்கு இருபது சவரம் என்றால் பத்து பிளேடு. மாதம் முந்நூறு. நான் முடிவெட்டுகிற கடைக்காரர் பொறுப்பானவர், டப்பாவில்தான் போட்டு வைக்கிறார். "டப்பா நிறைஞ்சா யார்கிட்ட சார் குடுக்கிறது? இரும்புக் கடையில இதை எடைக்கே போட மாட்டேங்கிறான்" என்கிறார்.

ஆஸ்பத்திரி பிளேடுக்கு 2016-ம் வருட விதி இருக்கிறது. குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளைப் பெட்டியில்தான் போட வேண்டும். அதே எஃகு, அதே கூர், சலூனிலிருந்தும் வீட்டிலிருந்தும் வந்தால் சாதாரணக் குப்பையா? வார்டுக்கு ஓர் இரும்புப் பெட்டி வைத்து, மாதம் ஒரு நாள் டின்களை வாங்கிக்கொள்ள மாநகராட்சிக்கு என்ன பெரிய செலவு? மலை ஊர்களில் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஒன்று வைக்கலாம். கொடைக்கானல் விடுதிக்காரர்கள் சோப்போடு ரேசர் தருவதை நிறுத்தலாம். இந்த மூன்றுக்கும் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அதுவரை என் டின் அலமாரி மேலேயே இருக்கும்.