பதினோரு தலைமுறை

நம் வீடுகளில் பூர்வீகப் பெருமைக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. இன்ன ராஜாவிடம் தளவாயாக இருந்தோம், இன்ன கோயிலுக்கு மானியம் விட்டோம் என்று ஆரம்பிப்பார்கள். சரி ஐயா, உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே திரும்பி யாரையாவது கூப்பிடுவார்கள். அவருக்கும் தெரியாது.

இப்போது கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் வழவழத்த தாளில் வம்ச விருட்சம் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். எனக்கு வந்த ஒன்றில் பதினோரு தலைமுறை! முதல் ஏழுக்கு என்ன ஆதாரம் என்றேன். "பெரியவர்கள் சொன்னது" என்றார்கள். பெரியவர்கள் சொன்னதை நான் இகழவில்லை, சட்டமே இகழவில்லை. இறந்துபோன உறவினர் குடும்ப வம்சாவளியில் எழுதி வைத்ததை 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால், தகராறு கிளம்புவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும் என்றது. 2024-ல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அந்த நிபந்தனையை விடவில்லை. பவிசுக்காகப் போன மாதம் எழுதியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

போதாததற்கு, நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். பாட்டன் பெயர் பேரனுக்கு. ஒரே ஊர்ப் பத்திரங்களில் ரா. சுப்பையாவும் சு. ராமசாமியும் மாறி மாறி வருவார்கள். எந்தச் சுப்பையா வாங்கினார், எந்தச் சுப்பையா விற்றார்? வருஷத்தையும் சர்வே நம்பரையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பெயர் பொருந்திவிட்டதென்று பாட்டனாக்கிவிடுகிறோம்.

யாரிடம் ஆதாரம் இருக்கிறது தெரியுமா? கூலிக்குப் போனவர்களின் சந்ததியிடம். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஆளுக்கொரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை ஏட்டில் ஏற்றினார்கள். பரிவினாலா? ஆளைக் கணக்கில் வைக்கத்தான். குமாஸ்தா ஊர்ப் பெயர்களைக் கொலை செய்திருக்கிறான்; ஆனாலும் அன்றைக்கே எழுதின ஏடு அது.

அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கொள்ளுப்பேரர்கள் நம் கிராமங்களைத் தேடி வருகிறார்கள். நாமோ, "அப்படி ஒருத்தர் போனதாகக் கேள்வி" என்கிறோம். நாம் அச்சிடும் விருட்சங்களில் போனவனின் கிளை கிடையாது. பெண்களுக்குக் கிளையே கிடையாது. கப்பல் ஏட்டில் கூலிக்காரிக்கும் தனி எண் உண்டு, ஊர் உண்டு.

வீட்டில் பாட்டி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: அவள் அம்மா பெயர், அம்மாவைப் பெற்றவள் பெயர், பிறந்த ஊர். சொன்னது யார், என்றைக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.