சிலிண்டரைக் கபேட்டுக்குள் பூட்டாதீர்கள்



இப்போது காத்தான்குடியில் எந்தப் புது வீட்டுக்குப் போனாலும் குசினியில் ஒரே காட்சிதான். கிரனைட் மேடையை வெட்டி, அதற்குள் கண்ணாடி அடுப்பை இறக்கி, கீழே பேன்ட்ரி கபேட். மேடைமேல் இருந்த பழைய இரண்டு பேர்னர் அடுப்பு பின் வாசலுக்குப் போய்விட்டது. புதுசு அழகுதான். துடைக்கவும் லேசு.

எனக்குப் பயம் அடுப்புக்குக் கீழே இருக்கும் கபேட்தான். அநேக வீடுகளில் அந்தக் கதவைத் திறந்தால் 12.5 கிலோ சிலிண்டர் நிற்கிறது.

விஞ்ஞான பாடத்தில் அடர்த்தி படித்த பிள்ளைகளுக்கு இது விளங்கும். புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் ஜன்னலால் வெளியே போகாது, கீழே தேங்கும். திறந்த இடத்தில் சிலிண்டர் இருந்தால் மணம் சீக்கிரம் மூக்கில் அடிக்கும். (அந்த மணமும் நாம் கண்டுபிடிக்கவென்று சேர்ப்பதுதான்.) பூட்டிய கபேட்டுக்குள் தேங்கினால்? ஸஹருக்கு எழும்பி, தூக்கக் கலக்கத்தில் அடுப்பைப் பற்றவைக்கும் உம்மாவுக்கு எப்படித் தெரியும்?

2021 நவம்பர், டிசம்பரை மறந்துவிட்டோமா? நாடு முழுக்க வீடுகளில் அடுப்புகள் வெடித்தன. மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தலைமையிலான குழு, வாயுக் கலவையின் விகிதம் மாறியதையே முக்கிய காரணமாகச் சொன்னது. புரொப்பேன் கூடினால் அமுக்கம் கூடும், பழைய ஹோஸும் ரெகுலேட்டரும் தாங்காது. கலவை நம் கையில் இல்லை. சிலிண்டரை எங்கே வைப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

அதிலும் நம் ஊர் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்புக் காற்றில் கிளிப் துருப்பிடிக்கும். கபேட்டுக்குள் எலி ஹோஸைக் கடித்தாலும் கண்ணில் படாது.

சுவருக்கு வெளியே, நிழலான காற்றோட்டமான இடத்தில் சிறு கூடு கட்டி, குழாயை உள்ளே எடுப்பதுதான் நல்லது. மூடும் வால்வு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இடமே இல்லை, கபேட்தான் என்றால் காற்றுத் துளையைக் கதவின் அடிப்பக்கம் வெட்டச் சொல்லுங்கள். அழகுக்காக மேலே மட்டும் வெட்டினால் பாரமான வாயுவுக்குப் பிரயோசனமில்லை. நெருப்பு அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் அடுப்பா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கசிவைச் சவர்க்கார நுரை போட்டுப் பாருங்கள், தீக்குச்சியால் அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குக் கொடுப்பது. வாப்பா கடன்பட்டுக் கட்டும் வீட்டில் பேன்ட்ரி இருக்கிறதா, கண்ணாடி அடுப்பா என்று பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. கிரனைட்டுக்கும் கபேட்டுக்கும் கொட்டிய பிறகு வெளியே கூடு கட்டக் காசு முடிந்துவிடுகிறது. பார்க்க வருபவர்களும் கூட்டைக் கேட்பதில்லை. கதவுக்குள் சிலிண்டர் போவது இப்படித்தான்.

பழைய அடுப்பை விற்றுவிடாதீர்கள். நோன்புக் கஞ்சிப் பானையைக் கண்ணாடி மேல் தூக்கி வைக்க எனக்கு மனமில்லை. 2022இல் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போய், அதற்கும் கியூவில் நின்றபோது விறகடுப்பை இடித்தவர்கள் பட்ட பாடும் ஞாபகமிருக்கும்.

மேசன் வேலை, தச்சு வேலை செய்யும் சகோதரர்கள் இதை வாசித்தால், வெளிக்கூடு கட்டிக் குழாய் எடுக்க இன்றைய விலைக்கு எவ்வளவு முடியும் என்று கீழே எழுதுங்கள். வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாப்பாமார் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.