குளிரில் ஒளியும் மின்சாரம்

திருப்பதியில் லட்டு தவிர பேட்டரியும் தயாராகிறது. 1985இல் தொடங்கப்பட்ட அமர ராஜா நிறுவனத்தின் வாகன பேட்டரிகளை நாடு அறியும். சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் ரூ.165 கோடியில் இங்கே அமைத்த லித்தியம் செல் ஆலையில் 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தி தொடங்கியது. அந்த செல்கள் பவர் பேங்குக்கானவை. கேமரா பேட்டரியும் அதே வம்சம்தான்.

இந்த வம்சத்துக்கு ஒரு பலவீனம்: குளிர். வெயிலுக்குப் பேர்போன திருப்பதியிலும் சித்தூரிலும் அது வெளிப்படாது. பழைய சித்தூர் மாவட்டத்து ஹார்ஸ்லி மலையில், சுமார் 1,265 மீட்டர் உயரத்தில், மார்கழி இரவில் நட்சத்திரங்களைப் படமெடுப்பவருக்கும் லேசாகத்தான் தெரியும். அதே நபர், 2022இல் நாட்டின் முதல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்ட லடாக்கின் ஹான்லேக்குக் குளிர்காலத்தில் போனால் நிலைமை வேறு. அங்கே இரவு மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். பெரும்பாலான கேமராக்களுக்குத் தயாரிப்பாளர்கள் வகுத்திருக்கும் எல்லையோ 0 முதல் 40 டிகிரிவரைதான். முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரி திடீரென்று காலி என்று காட்டும்.

உண்மையில் அது காலியாவதில்லை. குளிரில் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் மந்தமாகி, லித்தியம் அயனிகள் தயங்கித் தயங்கி நகர்கின்றன. மின்தடை கூடுகிறது, மின்னழுத்தம் சரிகிறது. கேமரா இதை 'தீர்ந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறது.

நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்துவைக்கும் இரவுப் படங்களில் சிக்கல் அதிகம். அவ்வளவு நேரமும் சென்சார் மின்சாரம் குடிக்கும். பிறகு, படத்தில் புள்ளிகளை நீக்கும் வசதி அதே அளவு நேரத்துக்கு ஓர் இருட்டுப் படத்தையும் எடுக்கும். பழைய நிக்கான் எஃப்எம்2வுக்கு இந்தக் கவலை கிடையாது. அதன் ஷட்டர் ஸ்பிரிங்கில் இயங்குவது. பேட்டரி வெளிச்சத்தை அளக்க மட்டுமே.

வேடிக்கை என்னவென்றால், சென்சாருக்குக் குளிர் நல்லது. புள்ளிகள் குறையும். எனவே அந்த வசதியைத் தயங்காமல் அணைத்துவைக்கலாம். பின்பக்கத் திரையையும் அணைக்கலாம். மாற்று பேட்டரியின் இடம் கேமராப் பையல்ல, உடம்பை ஒட்டிய சட்டைப் பை. 'செத்த' பேட்டரியை அங்கே மாற்றி வைத்தால், சூடேறியதும் மறுபடி உழைக்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

வெப்பநாட்டிலிருந்து நட்சத்திரம் தேடி மலையேறுபவருக்குக் கிடைப்பது ஓரிரு தெளிந்த இரவுகள்தான். அவற்றைக் காப்பாற்ற உடம்புச் சூடே போதும்.