மார்பிலே கிருமி; சிறுநீரகத்திலே தண்டனை!

1958-ஆம் ஆண்டு, அக்டோபர் 8-ஆம் நாள். சுவீடன் நாட்டுத் தலைநகராம் ஸ்டாக்ஹோமில், ஆர்னே லார்சன் என்பாரின் உடலுக்குள்ளே ஒரு சிறு மின்கருவி வைத்துத் தைக்கப்பட்டது. எல்ம்குவிஸ்ட் என்ற பொறியாளர் செய்தார்; சென்னிங் என்ற அறுவை மருத்துவர் பொருத்தினார். அந்த முதற்கருவி சில மணி நேரந்தான் உழைத்தது. ஆனால் லார்சன்? 2001 வரை வாழ்ந்தார். 86 வயது வரை வாழ்ந்தார்! செய்தவர் மறைந்தார், பொருத்தியவர் மறைந்தார், பொருத்திக்கொண்டவரோ அவ்விருவருக்கும் பின்னர்தான் மறைந்தார். இடையிலே 20-க்கும் மேற்பட்ட கருவிகள் அவருக்கு மாற்றி மாற்றி வைக்கப்பட்டன.

பிரமன் எழுதிய எழுத்தை அழிக்க முடியாது என்றார்களே, அந்த எழுத்தை அழித்துக் காட்டிய கருவி இது. ‘பேஸ்மேக்கர்’ என்று இன்று பட்டி தொட்டியெங்கும் அறிவர். பகுத்தறிவு பெற்ற இந்த வெற்றியைப் போற்றுவதிலே நாம் யாருக்கும் பின்வாங்கியவர்கள் அல்லர். ஆயினும், வெற்றி முரசு ஓங்கி ஒலிக்கும்போது, மூலையிலே எழுகின்ற முனகல் காதில் விழுவதில்லை. அந்த முனகலைத்தான் இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தோழர்களே! கருவி இருப்பது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியிலே. அதிலிருந்து புறப்படும் கம்பி, இரத்தக்குழாய் வழியே இதயத்தின் உள்ளறைவரை செல்கிறது. தோலிலே நம்மோடு குடித்தனம் நடத்தும் கிருமிகள், அறுவையின்போதோ பின்னரோ, அந்தப் பையிலே புகுந்துவிட்டால்? கம்பிதான் அவற்றுக்கு இராஜபாட்டை! கருவியின் மேலே பிசின்போல் ஒரு படலத்தை விரித்துக்கொண்டு உள்ளே பதுங்குகின்றன. மருந்து கொட்டினாலும் அந்தக் கோட்டைக்குள் முழுதாய் நுழைய முடிவதில்லை.

இனித்தான் சிறுநீரகம் வருகிறது கதைக்குள். இதயம் அனுப்பும் இரத்தத்திலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் பாய்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நுண்சல்லடைகள். இரத்தத்திலே கிருமி உலவுகிறது. அதை எதிர்த்து உடல் தன் படையை ஏவுகிறது. கிருமியின் துகளும் எதிர்ப்புப் பொருளும் கட்டிப் புரண்டு, பிணைந்து, அந்தச் சல்லடைக் கண்களிலே போய் அடைத்துக்கொள்கின்றன. சல்லடை வீங்குகிறது. சிறுநீர் சிவக்கிறது, அல்லது நுரைக்கிறது, கால் வீங்குகிறது, இரத்தத்திலே கிரியாட்டினின் ஏறுகிறது. சண்டை நடப்பது ஓரிடம், சாம்பலாவது வேறிடம்!

இத்தோடு விட்டதா? கிருமியைக் கொல்லக் கொடுக்கும் ஜென்டாமைசின், வான்கோமைசின் போன்ற மருந்துகளே அளவு மீறினால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக் கூடியவை. மாறாக, முன்பே சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குக் கருவியிலே கிருமி பிடிக்கும் ஆபத்து மற்றவரைவிட மிகுதி. வழி இருபுறமும் திறந்தே கிடக்கிறது.

பரிகாரம் என்ன? மருத்துவ உலகம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது: கருவியையும் கம்பியையும் அடியோடு எடுத்துவிட வேண்டும், மருந்து மட்டும் போதாது. மூலம் நீங்கினால், சிறுநீரகம் தேறி எழுந்துவிடுவதும் உண்டு. காலம் கடந்தால் டயாலிசிஸ், அல்லது மரணம்.

சொல்வது எளிது. செய்வது யார்?

செல்வத்தில் புரளும் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே முதியோர்க்கு அரசே மருத்துவச் செலவை ஏற்கும் மெடிகேர் திட்டம் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு வயது பாராமல் டயாலிசிஸ் கிடைக்கச் செய்யும் சட்டமும் 1972-லேயே வந்துவிட்டது. அந்த மெடிகேரில், கருவி பொருத்தப்பட்ட 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் கணக்கை ஆய்ந்து 2023-லே வெளியிட்டார்கள். உள்ளே கிருமி பரவியோர் 11 ஆயிரத்துக்கும் மேல். அவர்களிலே ஒரு மாதத்துக்குள் கருவி அகற்றப்பட்டோர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு! முதல் ஆறு நாட்களுக்குள்ளே அகற்றப்பட்டவரிடையே சாவு குறைந்திருந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டிற்று.

பணம் இல்லையா அங்கே? உண்டு. மருத்துவர் இல்லையா? உண்டு. பொருத்துபவர் ஒருவர், காய்ச்சலுக்கு மருந்து தருபவர் இன்னொருவர், சிறுநீர் சிவந்தால் பார்ப்பவர் மூன்றாமவர். மூவரையும் ஓரிடத்திலே உட்கார வைக்கும் ஏற்பாடு போதிய அளவு இல்லை என்பதே நம் கணிப்பு. ஓராண்டு கடந்த கம்பி இரத்தக்குழாயோடு ஒட்டி இறுகிவிடும். அதை அறுத்தெடுக்கத் தனித் திறமை வேண்டும், இதய அறுவைக் குழு பக்கத்திலே ஆயத்தமாக நிற்கவேண்டும். எல்லா மருத்துவமனையாலும் ஆகக்கூடியதல்ல. ஆகவே, “மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்” என்று நாட்கள் நகர்கின்றன. நாள் நகர நகரச் சல்லடை அடைபடுகிறது.

“நூற்றிலே ஒருவர் இருவருக்கு வருவதற்காகவா இந்தப் பாடு?” என்று கேட்பார் உளர். அந்த ஒருவர் ஒரு குடும்பத்தின் ஒரே சம்பாத்தியமாக இருந்தால் கணக்கு வேறாகிவிடுமே, ஐயா!

“ஏழைக்குக் கொடுக்கும் சரக்கு மட்டம், அதனால்தான் கிருமி” என்பார் இன்னொருவர். அதுவும் பொய்த்துப் போயிற்று. இறந்தோர் உடலிலிருந்து எடுத்த கருவிகளைத் தூய்மை செய்து மெக்சிகோ, குவாதமாலா முதலிய நாட்டு ஏழைகளுக்குப் பொருத்தினார்கள். 2020-லே முடிவு வெளிவந்தது: கிருமி பிடித்தது 100-க்கு 2 பேர். புதுக்கருவி பெற்றவரிடையே 1.2. திட்டவட்டமாக வேற்றுமை என்று சொல்லத்தக்க இடைவெளி அல்ல அது என்றார்கள் ஆய்ந்தவர்கள். கருவியின் விலையைவிட, பொருத்தும் கையின் தூய்மையும் பின்னர்ப் பார்க்கும் கண்ணின் விழிப்பும் பெரிது.

அந்தக் கண் நம் நாட்டிலே எங்கே இருக்கிறது? 2009-லே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. உயிர்காக்கும் சிகிச்சைகள் உழைப்பாளி வீட்டுக்கும் எட்டின. அவ்வழி வந்த காப்பீட்டிலே கருவி பொருத்தவும் இடமுண்டு, டயாலிசிசுக்கும் இடமுண்டு. நன்று, மிக நன்று! ஆனால், பொருத்திய நாளுக்கும் டயாலிசிஸ் நாளுக்கும் இடையே கிடக்கும் அந்த நீண்ட வெளியிலே தொழிலாளி தனியனாக நிற்கிறான். தழும்பு சிவக்கிறது. உடம்புச் சூடு என்கிறார் ஒருவர். கண்ணேறு என்று தாயத்துக் கட்டுகிறார் மற்றொருவர். மஞ்சள் அரைத்துப் பூசுகிறார்கள். மருந்துக் கடையிலே நான்கு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறான். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடுமே! அரைகுறை மருந்தில் காய்ச்சல் அடங்குகிறது, கிருமி அடங்குவதில்லை.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலே தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதற்கு வழிகாட்டுகிறது. இரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை. வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு அதற்கான திரவப் பை. படியேறி வரும் பெண் தன்னார்வலரின் கேள்விப் பட்டியலிலே இன்னும் இரண்டு கேள்விகள் சேரட்டும் என்கிறோம்: “உடலில் கருவி உண்டா? தழும்பு எப்படி இருக்கிறது?” சிவப்போ வீக்கமோ கசிவோ விடாத காய்ச்சலோ இருந்தால், கம்பியை எடுக்க வல்ல பெரிய மருத்துவமனைக்கு அன்றே அனுப்பும் அதிகாரம் வட்டார மருத்துவருக்கு வேண்டும். பொருத்துவதற்குக் காட்டும் அதே தாராளம் எடுப்பதற்கும், புதிதாய் மாற்றுவதற்கும், படுத்த நாட்களின் கூலிக்கும் வேண்டும்.

அரசு ஆணை வரும்வரை கிளைத் தோழர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவிலே கருவியோடு வாழ்பவர் யார் யார் என்று விசாரியுங்கள். மின்கலம் தீர்ந்து இரண்டாம் முறை மாற்றிக்கொண்டவரை முதலில் பாருங்கள். முதன்முறையைவிட மாற்றும்போதுதான் ஆபத்து கூடுதல். வீங்கிய இடத்தை ஊசியால் குத்திச் சீழ் எடுக்கும்படி யாரிடமும் காட்ட வேண்டாம். இரத்தத்தைக் கிருமிச் சோதனைக்கு எடுத்தார்களா என்று மருந்து தொடங்குமுன் கேளுங்கள். சிறுநீர் நிறம் மாறியிருந்தால், மார்பிலே கருவி இருப்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் மறவாமல் சொல்லச் சொல்லுங்கள். கருவியோடு தந்த அடையாள அட்டையைத் தேடியெடுத்து, அதையும் பழைய சீட்டுகளையும் கையோடு கொண்டு, பேருந்து நிலையம்வரை அல்ல, மருத்துவமனை வாயில்வரை உடன் செல்லுங்கள்.