கருணை மனு அல்ல, வேலை மனு!

திருவாலங்காட்டுப் படிப்பகத்திலே சென்ற வாரம் ஓர் இளைஞரைக் கண்டேன். ஐ.டி.ஐ.யில் பிட்டர் தொழில் கற்றுத் தேறியவர். சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு மனுப் போட வேண்டுமாம். எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. அப்படியே நம்ம கட்சியிலே பெரியவங்க யார்கிட்டயாவது ஒரு சிபாரிசும் வாங்கிக் கொடுங்க."

படித்தேன். ஏழைக் குடும்பமாம், தந்தை நோயாளியாம், தங்கைக்குத் திருமணம் ஆகவேண்டுமாம், ஐயா அவர்கள் கருணை கூர்ந்து வேலை கொடுத்தால் ஆயுள் உள்ளவரை நன்றி மறவாராம். அத்தனையும் உண்மைதான். ஆனால் எந்த வேலைக்கு மனு? ஒரு சொல் இல்லை! அவருக்கு என்ன தெரியும்? அதுவும் இல்லை!

"தம்பி, உனக்கு என்னதான் வேலை தெரியும்?" என்றேன். தயங்கினார்; பிறகு மளமளவென்று சொன்னார். அப்பாவின் கரும்புத் தோட்டத்து பம்புசெட்டை மூன்று ஆண்டுகளாக அவரே பிரித்துப் பூட்டுகிறாராம். அக்கம்பக்கத்து மோட்டார்களுக்கும் அவர்தான் வைத்தியர். வரைபடம் பார்த்து, சொன்ன அளவுக்கு இரும்பை அராவுவாராம். தமிழோடு தெலுங்கும் பேசுவாராம். இவ்வளவையும் நெஞ்சிலே பூட்டி வைத்துவிட்டு, தாளிலே கண்ணீரை மட்டும் வடித்திருக்கிறார்!

குற்றம் அவருடையதா? அன்று. மனு என்றால் மன்றாடுவது என்றே நம்மைப் பழக்கிவிட்டார்கள். ஜமீன் வாசலில் கைகட்டி நின்ற காலத்து மொழி இன்னும் நம் பேனாவை விட்டுப் போகவில்லை. வேலை கேட்பவன் இரவலன் அல்லன். உழைப்பைத் தருகிறான், ஊதியம் பெறுகிறான். தன்னிடம் உள்ள உழைப்பு எத்தகையது என்று எடுத்துச் சொல்வதுதான் மனு.

1912 பிப்ரவரி 9ஆம் நாள். திருவல்லிக்கேணியிலிருந்து ஓர் இளைஞர் சென்னைத் துறைமுக அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார். அவர் வீட்டிலும் வறுமை குடியிருந்தது, எப்.ஏ. தேர்விலே தோற்றவர். மனுவோ சில வரிகள்தான். குமாஸ்தா இடம் காலி என அறிந்தேன், மெட்ரிகுலேஷன் தேறினேன், எப்.ஏ. வரை படித்தேன், சூழ்நிலையால் தொடர இயலவில்லை. கணிதத்திலேயே முழு நேரமும் ஈடுபட்டிருக்கிறேன். வேலையைச் செம்மையாகச் செய்வேன் என்ற உறுதி எனக்குண்டு. இதுதான் சாரம். அந்நாளைய ஆங்கிலப் பணிவுச் சொற்கள் இருந்தன, அழுகை இல்லை. தேறாததைத் தேறியதாகச் சொல்லவும் இல்லை. மாதம் 30 ரூபாயில் வேலை கிடைத்தது. அவர்தான் கணித மேதை இராமானுஜன்!

மறு ஆண்டு சனவரியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். கணக்குப் பிரிவுக் குமாஸ்தா என்பதையும், ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் என்பதையும் தொடக்கத்திலேயே சொன்னார். ஏழை என்பதையும் குறிப்பிட்டார். ஆனால் எதை நம்பி எழுதினார்? பக்கம் பக்கமாக இணைத்த தம் தேற்றங்களை நம்பி! ஹார்டியை அசைத்தவை அந்தத் தேற்றங்களே.

"அவருக்கும் சிபாரிசு இருந்ததே!" என்று மடக்குவோர் உண்டு. இருந்தது. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் சான்று கொடுத்தார். எதற்கு? கணிதத் திறனுக்கு! திறனை அறிந்தவர் தரும் சான்று வேறு. ஆளையே அறியாத பெரிய மனிதர் தரும் சீட்டு வேறு.

சரி, எப்படி எழுதுவது? ஒரு பக்கம் போதும். எந்த வேலை, அறிவிப்பை எங்கே கண்டோம் என்பது முதல் வரி. அடுத்து, அந்த வேலைக்கு உதவும் இரண்டு மூன்று செயல்கள். குணங்கள் அல்ல, செயல்கள்! 'கடின உழைப்பாளி' என்று எல்லோரும் எழுதுவர். 'நின்றுபோன மோட்டாரைப் பிரித்து ஓடவைத்தேன்' என்று எழுத, ஓடவைத்தவனால்தான் முடியும். 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளைப் பாருங்கள். சோழர் குலப் புகழை விரிவாகப் பாடிய இராசேந்திரனின் ஆவணங்கூட, கோயிலுக்குக் கொடுத்தது பழையனூர் என்பதையும் அதன் எல்லைகளையும் சொல்லாமல் விடவில்லை. வேந்தனுக்கே வெறும் புகழ் போதவில்லை, நமக்குப் போதுமா?

1960 ஏப்ரல் 1ஆம் நாள் தமிழகத்தோடு சேர்ந்தது திருத்தணி வட்டாரம். இந்த எல்லைப் பகுதிப் பிள்ளைக்குத் தெலுங்கும் தெரியுமானால் அது ஒரு தகுதி, எழுதுங்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பத்து இடங்களுக்கு அனுப்பாதீர்கள். தெரியாததைத் தெரியும் என்று எழுதாதீர்கள். முதல் நாளே இயந்திரம் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று. பயிற்சி இடத்துக்கா, நிலையான வேலைக்கா என்று கேட்டறிந்து எழுதுங்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி பழகுநருக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் அவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர் என்று அதே சட்டம் சொல்கிறது. எத்தனை மாதம், எவ்வளவு தொகை, ஒப்பந்தம் உண்டா என்று கேட்பது உரிமை; அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

தோழர்களே, நமக்கும் ஒரு சொல். சிபாரிசுச் சீட்டு வாங்கித் தருவதே மக்கள் தொண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒரு சீட்டு ஒருவனை உள்ளே விடும். சீட்டில்லாதவர்களை வெளியே நிறுத்தும். அப்படி நிற்பவர்களும் நம் தெருப் பிள்ளைகள்தாமே! வாரத்தில் ஒரு மாலை படிப்பகத்திலே மேசை போட்டு, மனு எழுதக் கற்றுக் கொடுப்போம். அதற்குப் பதவி வேண்டாம், பணம் வேண்டாம். பேனாவும் பொறுமையும் போதும்.

அந்த இளைஞர் அன்றே புது மனு எழுதினார். பம்புசெட் வந்தது, அரம் வந்தது, தெலுங்கு வந்தது; கண்ணீர் போயிற்று. சிபாரிசுச் சீட்டை மறுபடி கேட்கவில்லை. வேலை கிடைக்குமா? நான் அறியேன். ஆனால் அந்தத் தாளிலே கையெழுத்துப் போட்டபோது அவர் தலை நிமிர்ந்திருந்தது. அது போதும், தொடங்குவதற்கு!