நம்பியார் மேல் என்ன குற்றம்?

நெஞ்சில் நஞ்சில்லாதவன் தமிழ்ப் படங்களில் நம்பியாரைப் போல வில்லனாக இவ்வளவு தத்ரூபமாக நடிக்க முடியாது என்கிறார்கள், இலங்கை மலையகத்தின் அட்டனிலும் நுவரெலியாவிலும் படித்தவர்கள்கூட. உணராததை நடிக்க இயலாது என்பது அவர்கள் நியாயம்.

ஒன்று: எம்.என். நம்பியார் சைவ உணவுக்காரர், ஆண்டுதோறும் சபரிமலை ஏறிய குருசாமி. நஞ்சு எங்கே இருந்தது?

இரண்டு: அந்த வில்லத்தனத்தைப் பிரித்துப் பாருங்கள். உள்ளங்கைகளைப் பிசைவது, கண்ணை இடுக்குவது, குரலை இழுத்துத் தாழ்த்துவது, ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) சாட்டையைப் பிடிக்கும் பிடி. எல்லாம் நவாப் ராஜமாணிக்கம் நாடகக் குழுவில் சிறுவயதிலேயே தொடங்கிய தொழில். ‘திகம்பர சாமியார்’ (1950) படத்தில் அவரே கதாநாயகன். அப்போது மட்டும் நஞ்சு வற்றியிருந்ததா?

மூன்று: எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கொடுமையை முகத்தில் தேடும் பழக்கம் மலையகத்தாருக்கு எப்படி வந்தது? சாட்டை எடுத்தவனையா நாம் பார்த்தோம்? நம் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை, கொழும்பு நாடாளுமன்றத்தில் கண்ணியமாகப் பேசி, விவாதித்து, வாக்களித்து நிறைவேற்றினார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம் மறுநாளும் வழக்கம்போலக் கொழுந்து பறிக்கப் போனது. அன்று வாக்களித்தவர்களில் யாருக்கு நம்பியாரின் கண் இருந்தது?