மலிந்த ஊரில் உழைப்பும் மலிவா?

வாழ்க்கைச் செலவு குறைந்த இடத்தில் கூலியும் குறைந்திருப்பது நியாயந்தானே என்று வாதிப்போர் எந்நாட்டிலும் உளர். அவ்வாதத்தின் வலுவை அளந்து பார்க்க அமெரிக்க ஐக்கிய நாட்டைவிட ஏற்ற களம் வேறில்லை.

அங்கே சமஷ்டிச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டொலர் 25 சதம். 2009 யூலையில் நடைமுறைக்கு வந்த அத்தொகை, 2025 வரையில் ஒரு சதமேனும் ஏறவில்லை. மாநிலங்கள் விரும்பினால் இதற்கு மேல் விதிக்கலாம். கலிபோர்ணியா 2025இல் 16 டொலர் 50 சதம் விதித்தது. மிசிசிப்பியோ தனக்கெனக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒன்றையே இயற்றாது வாளாவிருக்கிறது.

மிசிசிப்பியில் வீட்டு வாடகை மலிவு என்பர். மெய்தான். நாட்டின் சராசரி விலைமட்டத்தை 100 என்று கொண்டால், சமஷ்டி அரசின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி மிசிசிப்பி ஏறத்தாழ 87. கலிபோர்ணியா ஏறத்தாழ 113. அதாவது விலையில் உள்ள வேறுபாடு மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. கூலியில் உள்ள வேறுபாடோ இரண்டு மடங்குக்கும் அதிகம்! வாரம் 40 மணி நேரம் உழைத்தால் ஒருவன் 290 டொலரும் மற்றவன் 660 டொலரும் பெறுவர். விலை வேற்றுமையைக் கழித்துப் பார்த்தாலும் முன்னவன் கையில் சுமார் 333 டொலரின் பெறுமதியும், பின்னவன் கையில் சுமார் 584 டொலரின் பெறுமதியுமே நிற்கும். மிசிசிப்பியில் பெரும்பாலோர் 7.25க்கு மேல் பெறுகின்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் துணையன்றி வேறு துணையில்லாதவனுக்காகவன்றோ இச்சட்டம் பிறந்தது?

இவ்வாதம் புதியதுமன்று. 1938இல் இச்சட்டம் ஆராயப்பட்டபோது, தென்பகுதிப் பிரதிநிதிகள் பலர் மலிவான வாழ்வைக் காட்டித் தம் பகுதிக்குத் தாழ்ந்த கூலி கேட்டனர். பிரதேசத்தை மட்டுமே காரணமாகக் கொண்டு கூலியை வகைப்படுத்தலாகாதென்று சட்டத்தில் எழுதப்பட்டது. எனினும் வயலில் உழைப்போரும் வீட்டு வேலையாட்களும் அன்று சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். தென்பகுதியில் அவர்களுட் பெருந்தொகையினர் கறுப்பின மக்கள். முன்வாசலில் மறுத்ததைப் பின்வாசலில் கொடுத்தாயிற்று.

அதிகாரம் ஓரிடத்திற் குவிவதை எதிர்க்கும் நாம் இன்னொன்றையும் மறையாது சொல்லியாக வேண்டும். மாநிலமே தன் நகரத்தின் கழுத்தை நெரிப்பதும் உண்டு. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பேர்மிங்ஹாம் நகரின் சபை, குறைந்தபட்சக் கூலியை 10 டொலர் 10 சதமாக உயர்த்தத் தீர்மானித்தது. 2016 பெப்ரவரியில் அலபாமாச் சட்டசபை அவசர அவசரமாக ஒரு சட்டம் இயற்றி அதனைச் செல்லாதாக்கிற்று. தொழிலாளர் வழக்காடினர். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலச் சட்டமா அதிபரை எதிராளியாக்கியது பொருந்தாதென்று வழக்கைத் தள்ளியது. நிறபேதம் இருந்ததா என்ற வினா விசாரணைக்கு வராமலே போயிற்று.

2025இலும் பேர்மிங்ஹாமில் சட்டம் உறுதி செய்த கூலி 7 டொலர் 25 சதமே.